எதில் செய்தது என்று கேட்டால்

தம்பி,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் கடையில் கூட்டம். ஒருவருக்கு யூரின் பை, இன்னொருவருக்கு முட்டியில் போடும் பட்டை, நடுவில் நீ. புதன்கிழமை மீட்டிங்கில் நம் பக்கத்து மார்க்கெட் எப்படிப் போகிறது என்று உன்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள், கடையிலிருந்து பார்க்கிறதை அம்மா சொல்ல வேண்டும் என்றாய். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தால் இது போனில் சொல்லி முடிகிற சங்கதியாக இல்லை. உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதில் பாதியை வாய் திறந்து பேசவும் முடியாது. அதனால் எழுதுகிறேன். அம்மா ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்வது எனக்குத் தெரியும். ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

நம்முடையது திருச்சி புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில் ஒரு சின்ன சர்ஜிக்கல் கடை. நான் இதை எடுத்து நடத்த ஆரம்பித்தபோது புண்ணுக்கு என்று விற்றது பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்திரி, அந்தச் சிவப்பு மருந்து, அவ்வளவுதான். புண் என்றால் கழுவு, மூடு, மறுநாள் பிரி. பிரிக்கும்போது பாதித் தோலும் கூடவே வரும், கத்துகிற சத்தம் வாசல் வரை கேட்கும். அப்புறம் ஒட்டாத டிரெஸ்ஸிங் வந்தது, வெள்ளி கலந்தது வந்தது. அதற்குப் பிறகுதான் உன்னைப் போல விற்க வருகிற கம்பெனி ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொலாஜன் பொடி, கொலாஜன் ஷீட், புண்ணைத் தூண்டிவிட்டு வளரச் செய்கிற ஜெல், இப்போது பிரசவத்தில் வெளிவரும் பையிலிருந்து எடுக்கிற மெல்லிய சவ்வு. உயிரிலிருந்து எடுத்து உயிருக்குப் போடுகிற சரக்கு. முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் எழுதிக்கொடுத்தார்கள். இப்போது துறையூரில் ஒரு சின்ன கிளினிக்கிலிருந்து சீட்டு வருகிறது. மருமகள்கள் போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே மாமியாருக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது சின்ன அளவு. பெரிய ஷீட்டைக் காட்டி, "இதுல பாதி வெட்டிக் குடுங்கக்கா" என்பார்கள், துணிக்கடையில் கேட்கிற மாதிரி. பிரித்தால் சுத்தம் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. ஒரு விரல் புண்ணுக்கு உள்ளங்கை அளவு ஷீட்டை விற்கிறீர்கள், மீதியை அவர்கள் குப்பையில் போடுகிறார்கள், வயிறு எரியாதா? சின்ன அளவு போடுங்கள் என்று புதன்கிழமை முதல் வேலையாகச் சொல். இந்த ஒன்றுக்கே உன்னை மீட்டிங்கில் தட்டிக்கொடுப்பார்கள்.

ஹைதராபாத் ஆபீஸுக்கு மாற்றலாகிப் போவதற்கு முன்னால் உன் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாய். கோடு ஒன்று கீழே ஆரம்பித்து மேலே மேலே போகிறது. பார்த்தியாம்மா என்று ஒரே சந்தோஷம் உனக்கு. எனக்கு முதலில் தோன்றியது வேறு. உங்கள் சரக்கு விற்கிறது என்றால் அத்தனை பேர் காலில் புண் என்றுதானே பொருள்? சர்க்கரை நம் ஊரில் வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கோட்டில் பாதி அதுதான். ஆனால் மீதிப் பாதியை நான் கடையிலிருந்து பார்க்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் ஒரு விவசாயக் குடும்பம் என் கடைக்கு வருகிறது என்றால் காலை எடுத்த பிறகுதான் வரும். கக்கத்தில் வைக்கிற கட்டை வாங்க வருவார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். இப்போது விரல் கறுக்க ஆரம்பித்த உடனே வருகிறார்கள். காப்பாற்ற முடியும் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வருகிறார்கள். இன்ஷூரன்ஸோ ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கணக்கில் எடுக்கும், வீட்டில் வைத்துப் பார்த்தால் கைக்காசுதான். இருந்தும் வருகிறார்கள். கக்கத்துக் கட்டை என் கடையில் மூலையில் தூசி படிந்து நிற்கிறது, வேண்டும் என்றே அதை நான் துடைப்பதில்லை. இதையும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசு.

இனி முக்கியமான விஷயம். உங்கள் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கடையில் விலைக்கு முன்னால் வருகிற கேள்வி வேறு. அதை எனக்குப் பழக்கியது பாலக்கரையிலிருந்து வந்த ஒரு பாய். அவர் வீட்டு அம்மாவுக்குக் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. டாக்டர் எழுதிய ஷீட்டை எடுத்து வைத்தேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க, இது எதுல செஞ்சதுங்க? பன்னியா இருந்தா நமக்கு ஹராம், வேணாம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் எறும்பு எழுத்தில் என்னமோ இருந்தது. அவரை உட்காரவைத்துவிட்டு விற்பனைப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன், அவன் மேனேஜருக்குப் போட்டான், கடைசியில் மாடு என்று பதில் வந்தது. சொன்னேன். நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு அது வழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும் பில் போடுவதற்கு முன்னால், இது மாடு, இது மீன், இது பிரசவத்துச் சவ்வு, உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டுவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போவார்கள். ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தர், "தேவரீர் கேட்டதே பெரிய உபகாரம்" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு மாட்டுச் சரக்கு வேண்டாம் என்று டாக்டரிடமே திரும்பிப் போனார். வியாபாரம் போச்சே என்று நீ அன்றைக்குச் சிரித்தாய். அதே மாமி அப்புறம் தெருவில் பாதிப் பேரை என் கடைக்கு அனுப்பியதை நீ பார்க்கவில்லை.

ஊருக்கெல்லாம் சொன்னேன், வீட்டில் சொல்லவில்லை. அதுதான் நம் இரண்டு பேருக்கும் வந்த வினை.

உங்கப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், சொன்னால் எனக்கு ஆறும். துறையூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போய் வெகு நாளாகிறது. என் கடையிலேயே சர்க்கரைக்காரர்களுக்கு என்று எம்.சி.ஆர். செருப்பு அடுக்கி வைத்திருக்கிறேன், அவர் காலிலும் அதைத்தான் மாட்டிவிட்டிருந்தேன். போன சித்திரையில் ஒரு மத்தியானம், பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் போங்களேன் என்றேன். கூட்டம் இருக்காது என்று போனார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் தெளித்து விரித்திருந்த கயிற்றுப் பாயில் நடந்தவர், எதிரே ஒரு பெரிய குடும்பம் வரவும் வழி விட்டுப் பாயை விட்டு இறங்கிக் கல்லில் நின்றிருக்கிறார். நின்று அவர்களிடம் எந்த ஊர், எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று விசாரித்திருக்கிறார். கண்டக்டர் புத்தி. உனக்கும் எனக்கும் என்றால் அந்தக் கல்லில் ஒரு மூச்சுக்கூட நிற்க முடியாது. அவருக்குச் சூடு தெரியவே இல்லை. சாவகாசமாகப் பேசி முடித்து, தரிசனம் பண்ணி, பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டியபோது உள்ளங்காலில் தோல் கொப்பளித்து நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுதேனா திட்டினேனா என்று இப்போது நினைவில்லை.

கொப்புளம் உடைந்து புண்ணாகி, கட்டைவிரலுக்குக் கீழே குழி விழுந்தது. புத்தூரில் நம் டாக்டரம்மா சுத்தம் பண்ணிவிட்டு, கொலாஜன் ஷீட் போட்டால் சீக்கிரம் சதை வளரும் என்றார். அப்போது நீ உன் கம்பெனிக்குத் திருச்சி வட்டாரத்தில் ஊர் ஊராகச் சுற்றி விற்றுக்கொண்டிருந்தாய். என் கடையிலேயே அது இருந்தும், உன் கையாலேயே உங்கள் கம்பெனியின் நீலப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாய். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னடா இது, எதுல செய்யறாங்க?" என்று கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "புரோட்டீன்தாம்பா. முட்டையில எல்லாம் இருக்குமே, அந்த மாதிரி" என்றாய். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. நான் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால் நமக்குத் தெரியும். உங்கப்பா பிறந்த வீட்டில் மாடு செத்தால் யாருக்கும் கொடுக்காமல் வயலிலேயே புதைத்து, மேலே தென்னை வைப்பார்கள். கிழடு தட்டியது என்று ஒன்றைக்கூட விற்றதில்லை. இந்த மனுஷன் வாழ்நாளில் தோல் செருப்பு போட்டதில்லை, தோல் பெல்ட் கட்டியதில்லை, டிக்கெட் பையைக்கூட ரெக்ஸின் பையாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர். மாடு என்று சொன்னால் வேண்டாம் என்பார், கால் போய்விடும் என்று உனக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

ஷீட் வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. குழியில் சிவப்பாகச் சதை ஏறியது. டாக்டரம்மாவுக்கே சந்தோஷம். அப்பா வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் என்னோடு ஆட்டோவில் கடைக்கு வந்து, உள்ளே ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஒரு பொண்ணு சீட்டோடு வந்தாள். நான் பழக்க தோஷத்தில் அந்த நீலப் பெட்டியை எடுத்து வைத்து, "இது மாட்டுத் தோல்லேர்ந்து எடுக்கிறதும்மா, உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்க தைரியம் வரவில்லை. உள்ளே இருந்து அப்பா, "என் கால்ல இருக்கறதும் நீலப் பெட்டிதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாங்க என்றேன். அவ்வளவுதான், அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத மனுஷன் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். இனி அந்த ஷீட் என் காலில் படக்கூடாது என்றுவிட்டார். டாக்டரிடமும் வரமாட்டேன் என்றார். வெறும் காஸை வைத்துத் தானே சுற்றிக்கொண்டார், கோபத்தில் காலை ஊன்றி நடந்தார், மருந்தையும் ஒழுங்காகப் போடவில்லை. ஏறிய சதை வெளுத்தது, ஓரம் கறுத்தது, கட்டுக்கு மேலே வாடை வர ஆரம்பித்தது. நான் ஒரு போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, எலும்பைத் தொட்டுவிட்டால் விரலோடு நிற்காது, முன்பாதம் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மேலும் போகலாம், நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார். சிதம்பரம் பக்கம் டூரில் இருந்த உன்னை வரச்சொன்னேன். நீ வந்தாய், அவர் முன்னால் உட்கார்ந்து வகுப்பு எடுத்தாய். எத்தனை முறை கழுவுகிறார்கள், எதையெல்லாம் நீக்குகிறார்கள், கடைசியில் மாட்டிலிருந்து வந்தது என்று சொல்ல அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்றெல்லாம் அழகாகத்தான் சொன்னாய். உன் மேனேஜர் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார், "மாடா, மீனாங்கறது இல்லடா விஷயம். நான் கேட்டப்ப நீ சொல்லியிருந்தா நானே ரெண்டு நாள் யோசிச்சுப் பாத்திருப்பேன். ஒருவேளை சரின்னுகூட சொல்லியிருப்பேன். என் கால், நீ எனக்குப் பதிலா முடிவு பண்ணிட்டே." நீ தலையைக் குனிந்துகொண்டாய். நானும் குனிந்துகொண்டேன், ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அது திட்டுவதைவிட மோசம்.

மறுநாள் எப்படியோ கெஞ்சிக் கூட்டிப்போனோம். அப்பா உன்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார், அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நானும் இதுவரை சொல்லவில்லை, உனக்கும் அவருக்கும் நடுவில் எது பேசினாலும் வெடிக்கிற நேரம் அது. இப்போது சொல்கிறேன். டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் பண்ணிக்கொண்டே, எலும்புக்குப் போகவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் இன்று விட்டால் கிடையாது என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து அப்பா எதிரே உட்கார்ந்தார். இன்னொரு சரக்கு இருக்கிறது, அது எதில் செய்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். ஒரு பெண்ணுக்கு ஆபரேஷனில் பிரசவம் ஆகும்போது, குழந்தையைச் சுற்றி இருந்த பையிலிருந்து அந்தச் சவ்வை எடுப்பார்கள். நோய் எதுவும் இல்லை என்று அந்தத் தாய்க்கு ரத்தம் சோதித்த பிறகுதான் எடுப்பார்கள். கழுவி, உலர்த்தி, கிருமி இல்லாமல் பண்ணி, உறையில் போட்டு வரும். உறையைப் பிரித்தே காட்டினார். வெங்காயத்தின் உள்தோல்தான், அதைவிடவும் மெல்லிசு. அப்பா அதைத் தொடவில்லை. இதற்கும் வேண்டாம் என்றுவிட்டால் நான் எங்கே போவேன்?

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாங்க?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எதைக் கேட்கிறீர்கள் என்றார்.

"இதை எடுக்கறாங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? கேட்டுட்டு எடுத்தாங்களா, கேக்காம எடுத்தாங்களா?"

"கேட்டுத்தாங்க எடுப்பாங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லி, அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான்."

"மாட்டை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார் அப்பா. "இந்தப் பொண்ணைக் கேட்டிருக்காங்க. அப்ப போடுங்க."

போட்டார்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெளியே வந்ததும் நீ என்னாச்சும்மா என்று கேட்டாய், ஒத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன். எப்படி ஒத்துக்கொண்டார் என்று நீ கேட்கவும் இல்லை, அப்பாடா என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனாய்.

உடனே குணமாகிவிட்டது என்று நான் எழுதினால் அது உங்கள் கம்பெனி நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். ஆடி முழுக்க அந்தக் காலைத் தரையில் ஊன்றவிடாமல் வைத்திருந்தது நான். சர்க்கரையை இறக்க இரவுச் சோற்றை நிறுத்தியது, அவர் ஒளித்து வைத்திருந்த மிக்சரைக் கண்டுபிடித்து எடுத்தது, கட்டுப் போடுகிற நர்ஸ் பொண்ணு மழையிலும் வந்து நின்றது, எல்லாம் சேர்ந்துதான். சவ்வு நடுவில் மறுபடி மாற்றிப் போட்டார்கள். ஓரத்திலிருந்து தோல் மெதுவாக உள்ளே நடந்து வந்ததை நாங்கள் ரெண்டு பேரும் தினமும் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை, சிரிக்காதே. தீபாவளிக்குப் புண் மூடிவிட்டது. விரல் அஞ்சும் அஞ்சாக இருக்கிறது.

ஆகவே உன் மீட்டிங்கில் நீ என்ன பேச வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன். நம் பக்கத்தில் மார்க்கெட் வளரும், சந்தேகமே வேண்டாம். மீனில் செய்தது இனி நிறைய வரும், ஸ்ரீரங்கத்து வீதிகளில் சிலருக்கு அதுவும் ஆகாது, அவர்களுக்கு இந்தச் சவ்வு சரி என்று படலாம், சிலருக்கு மனுஷ உடம்பிலிருந்து வந்தது என்றால் கூசும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அவர்களுக்காக நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை, எதில் செய்தது என்று பெட்டியின் முகப்பில் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் போட்டுவிடுங்கள், போதும். போட்டால் விற்பனை குறையும் என்று உங்கள் பெரிய மேனேஜர் சொல்வார். என் கடைக்கு ஒரு நாள் வந்து நிற்கச் சொல். இன்னொன்று, இந்தச் சரக்கு எல்லாப் புண்ணுக்கும் வேண்டியதில்லை. சைக்கிளில் விழுந்து சிராய்த்த முட்டிக்குக்கூட இதை எழுதிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், டாக்டருக்கு என்ன ஆசை காட்டினார்களோ. அந்த மாதிரிச் சீட்டு வந்தால் நான் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன், இரண்டு டாக்டர்களுக்கு என் மேல் கோபம். இருக்கட்டும். கால் போக இருக்கிறவனுக்குக் கிடைக்க வேண்டியதைச் சிராய்ப்புக்குக் கொட்டினால், நாளைக்கு எவனும் இதை நம்பமாட்டான். நம்பிக்கை போன சரக்கை எந்த விலைக்கும் விற்க முடியாது. நீ நல்ல பையன், வேலையில் கெட்டிக்காரன். பேசத் தெரிந்தவனுக்குத்தான் அரைகுறையாகச் சொல்லி நழுவுகிற ஆசை அதிகம் வரும், அதை மட்டும் கவனித்துக்கொள்.

ஹைதராபாத்துக்கு ரயில் ஏறும்போது ஜங்ஷனில் என்னைத் தனியாக இழுத்து, "அப்பா இன்னும் என்னை நம்பலம்மா, கவனிச்சியா, எது சொன்னாலும் திரும்ப உன்கிட்ட கேக்கறாரு" என்றாய். கவனித்தேன். முதுகில் தட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சண்டை போடலாமா என்றுகூட நினைத்தேன். இந்த மாதிரி விஷயத்தைச் சண்டை போட்டுச் சரிசெய்ய முடியாது என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா, வெயில் ஏறுவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய்வரலாம், கெட்டியான காலுறை போட்டுக்கொண்டு போங்கள் என்று அனுமதி கொடுத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் போனோம். பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சித்திரை வீதியில் காபி குடிக்க உட்கார்ந்தோம். சர்க்கரை இல்லாத காபி, அதற்கும் ஒரு முணுமுணுப்பு. எதிரே ஒரு வாசலில் ஒரு தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், கோலத்தை மிதிக்காமல் பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா காலுறையைக் கழற்றி, பாதத்தைத் திருப்பி, அந்தப் புதுத் தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் குழந்தை இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்குமா?"

எந்தக் குழந்தை என்று நான் கேட்க வாயெடுத்துவிட்டு, நிறுத்திக்கொண்டேன். அந்தச் சவ்வுக்குள் இருந்த குழந்தை என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எப்படிங்க தெரியும் என்றேன்.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தம்பிகிட்ட கேளு. அவனா இருந்தா உள்ளதைச் சொல்லுவான்."

அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். யார் பெற்ற குழந்தை, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வெளியே சொல்லமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அந்தச் சவ்வு வந்த உறை என்றைக்குத் தயாரானது என்றாவது தெரியுமா, அதை வைத்து ஒரு கணக்கு சொல்ல முடியுமா என்று பார். முடிந்தால் நீயே அவருக்குப் போன் போட்டுச் சொல், என் வழியாக வேண்டாம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல். அவர் ஒத்துக்கொள்வார்.

அம்மா